அன்பு யாருடைய வேலை?

(கல்லூரி மாணவர்களின் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன கூட்டம் முடிந்து வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தபோது, இரண்டாம் ஆண்டு படிக்கும் தோழர் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவரோடு விடுதி அறையில் தங்கியிருக்கும் நண்பன் கையில் சாதிக் கயிறு கட்டியிருக்கிறான். மோசமானவன் என்று சொல்லிவிட முடியாது. இவருக்குக் காய்ச்சல் வந்தபோது இரவு பதினொரு மணிக்குப் போய் மாத்திரை வாங்கி வந்தவன் அவன்தான். ஆனால் அவன் போடுகிற ரீல்ஸ் எல்லாம் அரிவாளும் ஆண்ட பரம்பரையும்தான். "அவனிடம் அன்பாகப் பேசிப் புரியவை என்று எல்லாரும் எனக்கு அறிவுரை சொல்கிறார்கள். அடிபடுகிறவன் நான். ஏன் தோழர், எப்போதும் நானே அன்பு காட்ட வேண்டும்?" என்று கேட்டார்.

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. டம்ளரை வைத்துவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டேன். இன்றைக்கு "பகையும் அன்பும்" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். அவருடைய கேள்வியைத் தாண்டிக்கொண்டு இந்தத் தலைப்பில் பேசுவது நேர்மையாக இருக்காது. அதனால் அந்தக் கேள்விக்கே பதில் தேடிப் பார்க்கலாம் என்று வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு கதை. நடந்த கதை.

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் டர்ஹாம் என்று ஒரு நகரம். புகையிலை ஆலைகளும் பஞ்சாலைகளும் நிறைந்த ஊர். பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆனால் பதினாறு, பதினேழு ஆண்டுகள் கழித்தும் டர்ஹாமில் கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து படிக்கும் நிலை வரவில்லை. கடைசியில் நீதிமன்றம் கட்டாயப்படுத்தியது. ஊர் கொதித்தது.

1971 ஜூலையில் அங்கே ஒரு கூட்டம் ஏற்பாடானது. பத்து நாள், காலை முதல் இரவு வரை, ஊரில் எல்லாத் தரப்பும் ஒரே பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து, இந்தச் சிக்கலை எப்படித் தீர்ப்பது என்று பேச வேண்டும். நடத்தியவர் பில் ரிடிக் என்ற கறுப்பினத்தவர். அவர் ஒரு வேலை செய்தார். கூட்டத்துக்கு இரண்டு தலைவர்களைப் போட்டார். ஒருவர் ஆன் அட்வாட்டர், கறுப்பினக் குடியிருப்புகளில் வாடகைப் பிரச்சினைக்கும் ஒழுகுகிற கூரைக்கும் போராடிக்கொண்டிருந்த பெண். இன்னொருவர் சி. பி. எல்லிஸ், கறுப்பின மக்களைக் கொளுத்தியும் கொன்றும் வந்த கு கிளக்ஸ் கிளான் அமைப்பின் டர்ஹாம் கிளைக்குத் தலைவர்.

இருவரும் ஏற்கெனவே ஒருவரையொருவர் அறிவார்கள். ஒரு நகரமன்றக் கூட்டத்தில் எல்லிஸ் கறுப்பினத்தவரை இழிவாகப் பேசியபோது, அட்வாட்டர் கைப்பையிலிருந்து கத்தியை எடுத்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் பிடித்துத் தடுத்திருக்காவிட்டால் என்ன நடந்திருக்குமோ. இதை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இந்த இரண்டு பேரைத்தான் ஒரே மேசையில் உட்கார வைத்தார்கள்.

எல்லிஸ் யார் என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். பஞ்சாலைத் தொழிலாளியின் மகன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அப்பா இளவயதிலேயே இறந்துபோக, குடும்பம் இவர் தலையில் விழுந்தது. நான்கு பிள்ளைகள், அதில் ஒரு பிள்ளைக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. கடன் வாங்கி ஒரு பெட்ரோல் பங்க் நடத்தினார். ராப்பகலாக உழைத்தும் கடன் அடையவில்லை, மாரடைப்புத்தான் வந்தது. 'ஒழுங்காக உழைத்தால் முன்னேறலாம்' என்று சொன்னார்களே, நான் உழைத்தேனே, பிறகு ஏன் இப்படி? இந்தக் கேள்விக்கு அவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. கிளான் சொன்னது: உன் நிலைமைக்குக் கறுப்பர்கள்தான் காரணம். அவர் அதில் சேர்ந்து சத்தியம் எடுத்துக்கொண்ட இரவில் கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் தனக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்று ஸ்டட்ஸ் டெர்க்கல் என்ற எழுத்தாளருக்குக் கொடுத்த பேட்டியில் அவர் விவரித்திருக்கிறார். ஊரில் யாரும் மதிக்காத ஒரு மனிதனை ஒரு கூட்டம் எழுந்து நின்று வரவேற்கிறது. சாதிச் சங்கக் கூட்டத்தில் பையன்களுக்குப் போடுகிற துண்டையும் மாலையையும் நினைத்துக்கொள்ளுங்கள். புரியும்.

அதே பேட்டியில் அவர் இன்னொன்றும் சொல்கிறார். கறுப்பின மக்கள் கோரிக்கையோடு நகரமன்றத்துக்கு வருகிற நாளில், நகரத்துப் பெரிய மனிதர்கள் இவருக்குத் தொலைபேசியில் பேசுவார்கள். "உங்கள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்பார்கள். இவரும் போவார், கத்துவார். ஒருநாள் கடைத்தெருவில் அப்படிப்பட்ட ஒருவர் எதிரே வந்தார். இவரைப் பார்த்ததும் அவர் தெருவின் மறுபக்கத்துக்குப் போய்விட்டார். கை குலுக்க வேண்டிவருமே என்று. அன்றைக்குத்தான் எல்லிஸ் யோசிக்கத் தொடங்கினார். இரவில் நான் வேண்டும், பகலில் நான் வேண்டாமா?

தோழர்களே, இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்குத் திரும்பி வருவேன்.

கூட்டத்தின் நாட்களில் எல்லிஸ் ஒரு காரியம் செய்தார். பள்ளிக்கூடத்திலேயே கிளானின் அங்கிகளையும் துண்டறிக்கைகளையும் காட்சிக்கு வைத்தார். கறுப்பின இளைஞர்கள் அதை அடித்து நொறுக்க வந்தார்கள். தடுத்தவர் அட்வாட்டர். இந்த மனிதன் எங்கிருந்து பேசுகிறான் என்று தெரிய வேண்டுமானால் இதைப் படியுங்கள் என்று அவர்களிடம் சொன்னார். கத்தியை எடுத்த அதே அம்மாதான்.

ஒருநாள் இருவரும் தனியாக உட்கார்ந்து பேசினார்கள். தன் மகள் தினமும் பள்ளியிலிருந்து அழுதுகொண்டு வருகிறாள் என்றார் அட்வாட்டர். எல்லிஸும் அதையே சொன்னார். கிளான்காரன் மகன் என்று வகுப்பில் தன் பையனையும் கேலி செய்கிறார்கள். இரண்டு பேர் தரப்பு ஆட்களும் 'எதிரியோடு போய் உட்கார்ந்துவிட்டாயே' என்று இவர்களைத் தூற்றிக்கொண்டிருந்த நேரம் அது. இருவரும் அழுதார்கள். கடைசி நாளில், கூடியிருந்தவர்கள் முன்னிலையில் எல்லிஸ் தன் கிளான் உறுப்பினர் அட்டையைக் கிழித்துப் போட்டார்.

இந்தக் கதையை இதோடு நிறுத்தினால் சினிமா. 2019இல் இது சினிமாவாகவும் வந்தது. நான் அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். எல்லிஸுக்குக் கொலை மிரட்டல் வந்தது. கூட இருந்தவர்கள் விலகினார்கள். பள்ளி வாரியத் தேர்தலில் நின்று தோற்றார். ஊர் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. பிறகு தொழிற்சங்கத்தில் சேர்ந்து, பெரும்பாலும் கறுப்பினத் தொழிலாளர்கள் இருந்த சங்கத்துக்கு அவர்களுடைய வாக்குகளாலேயே பொறுப்பாளரானார். டர்ஹாம் பள்ளிகளும் அந்தப் பத்து நாளில் மாறிவிடவில்லை. வசதியுள்ள வெள்ளையர்கள் பலர் நகரப் பள்ளிகளை விட்டுப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியேறினார்கள். அட்வாட்டரும் எல்லிஸும் மட்டும் கடைசி வரை நண்பர்களாக இருந்தார்கள். 2005இல் எல்லிஸ் இறந்தபோது, இறுதி நிகழ்வில் அட்வாட்டர் பேசினார். 2016இல் அவரும் மறைந்தார்.

இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்வது? 'பார்த்தீர்களா, அன்பு வென்றது' என்று சொல்லிவிட்டு உட்கார எனக்கு மனமில்லை. அந்த மேசையின் கால்களைப் பாருங்கள். நீதிமன்ற உத்தரவு ஏற்கெனவே வந்துவிட்டது. பிள்ளைகள் சேர்ந்து படிக்கலாமா கூடாதா என்பது அங்கே பேச்சுக்கே இல்லை. எப்படிச் சேர்ந்து படிப்பது என்பதுதான் பேச்சு. அட்வாட்டர் தனியாக வரவில்லை, ஆண்டுக்கணக்கில் திரட்டிய மக்களோடு வந்தார். இருவருக்கும் சம நாற்காலி. இவை இல்லாமல் அன்பைப் பேசினால் அதற்கு நம் ஊரில் வேறு பெயர் இருக்கிறது.

தாசில்தார் அலுவலகத்தில் நடக்கிற அமைதிப் பேச்சுவார்த்தையைப் பார்த்திருக்கிறீர்களா? சேரியில் வீடு எரிந்திருக்கும். எரித்தவர்களும் எரிந்தவர்களும் ஒரே பெஞ்சில். 'இரு தரப்பும் ஒற்றுமையாக இருப்போம்' என்று ஒரு தாள். வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொள்ளச் சொல்லிக் காதோடு ஒரு பேச்சு. கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். இதுவும் சமாதானம் என்றுதான் பதிவாகும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்கு நடக்க வேண்டிய இடத்தில் அன்பைக் கொண்டுவந்து வைப்பவர் அன்புக்காரர் இல்லை. வழக்கை மூடுகிறவர். இதில் நமக்குக் குழப்பம் வேண்டாம். முதலில் நீதி நிற்க வேண்டும். அப்புறம்தான் பேச்சு.

சரி, நீதியும் சட்டமும் மட்டும் போதுமா? போதும் என்று சொல்ல எனக்கு ஆசைதான். என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

நான் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவன் இல்லை. இரண்டு ஏக்கர் மானாவாரி நிலமும் கூட்டுறவு வங்கியில் கடனும் உள்ள இடைநிலைச் சாதிக் குடும்பம். என் அக்கா நூற்பாலையில் வேலை பார்த்தாள். கூட வேலை பார்த்த தலித் இளைஞரைக் காதலித்தாள். வீட்டுக்குத் தெரிந்த அன்று அப்பா என்னைப் பார்த்து, "அவ போனைப் பிடுங்குடா" என்றார். நான் பிடுங்கினேன். அப்போது எனக்கு இருபது வயது. பெரியாரும் அம்பேத்கரும் என் அலமாரியில் இருந்தார்கள். இதை மேடையில் சொல்வது இதுதான் முதல் தடவை.

அக்கா மூன்றாம் நாள் வெளியேறிவிட்டாள். மாதர் சங்கத் தோழர்கள் துணை நின்றார்கள். பதிவுத் திருமணம் நடந்தது. காவல் நிலையத்தில் பாதுகாப்புக் கேட்டு மனுக் கொடுத்தார்கள். அந்த மனுவும் அந்தத் தோழர்களும் இல்லாவிட்டால் இன்று நான் வேறு மாதிரியான ஒரு உரையைப் பேசிக்கொண்டிருப்பேன். அல்லது பேசவே வாயற்றவனாக இருப்பேன்.

ஐந்து வருடம் அப்பா அவள் பெயரைச் சொல்லவில்லை. நான் அவரோடு சண்டை போட்டுப் பார்த்தேன். சாதி எப்படி வந்தது என்று பாடம் எடுத்துப் பார்த்தேன். அவர் கேட்டுக்கொள்வார், எழுந்து போய்விடுவார். ஒருநாள் களத்துமேட்டில் கடலைக் காய் பறித்துப் போட்டுக்கொண்டிருந்தோம். என்ன தோன்றியதோ, "நீங்க யாருக்குப்பா பயப்படுறீங்க?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "நாளைக்கு என் பொணத்தைத் தூக்க நாலு பேரு வருவானா?"

பங்காளிகள் ஒதுக்கிவிடுவார்கள், அறுப்புக்கு ஆள் வராது, அவசரத்துக்குக் கைமாற்று கிடைக்காது, செத்தால் தோள் கொடுக்க ஆளிருக்காது. இதுதான் அந்த 'மானம்' என்கிற பெரிய சொல்லுக்குள் இருந்தது. அப்பாவை அதிகம் தூண்டிவிட்டவர் எங்கள் சாதியில் வசதியான ஒருவர். வட்டிக்குக் கொடுப்பவர். சாதி மானம் போய்விட்டது என்று வாரம் தவறாமல் வந்து சொன்னார். அவர் வீட்டுத் திண்ணையைத் தாண்டி எங்களை ஒருநாளும் உள்ளே கூப்பிட்டதில்லை. "அவரு வீட்டுக் கூடத்துல நீங்க எப்பப்பா உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டேன். எல்லிஸைக் கண்டு தெருவின் மறுபக்கம் போனாரே ஒரு பெரிய மனிதர், அவர்தான் இவர்.

அன்று நானும் ஒன்றைச் சொன்னேன். "போனைப் பிடுங்குனது தப்புப்பா. நீங்க அடிச்சிருவீங்கன்னு பயந்து பிடுங்கல. நாளைக்கு எனக்குப் பொண்ணு கிடைக்காதோன்னு பயந்துதான் பிடுங்குனேன்." அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். என் வாசிப்பெல்லாம் சேர்ந்து திறக்காத ஒன்றை இந்த ஒரு கேவலமான உண்மை திறந்தது. பயத்தைப் பற்றிக் கேட்கிறவன் தன் பயத்தையும் எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் அது விசாரணை ஆகிவிடும்.

அப்பா அடியோடு மாறிவிட்டாரா? இல்லை. பேரனுக்கு உடம்பு சரியில்லாதபோது ஆஸ்பத்திரிக்குப் போனார். மாமா வீட்டில் சாப்பிட்டார். ஆனால் ஊர்த் திருவிழாவுக்கு அவர்களை இன்னும் அழைக்கவில்லை. அதுவரைக்கும்தான் வந்திருக்கிறார்.

களத்துமேட்டில் அப்பா சொன்னதை அக்காவிடம் போய்ச் சொன்னேன். பெரிய கண்டுபிடிப்பைச் சொல்வதாக எனக்கு நினைப்பு. அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: "அப்பாவுக்குப் பயம்னு எனக்கு எப்பவோ தெரியும்டா. ஆனா அந்தப் பயத்துல செத்துப் போயிருக்கப் போறது நானும் அவரும்தானே."

தோழர்களே, நான் இன்று சொல்ல வந்தது இந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆதிக்கம் செய்கிறவனிடம் பயம் இருக்கிறது, உண்மை. அந்தப் பயத்துக்கு அடுத்தவர் உயிரை விலையாகக் கொடுக்க வைக்கிறார்கள், அதைவிடப் பெரிய உண்மை. முதலாவதைப் புரிந்துகொண்டால் இரண்டாவதை மன்னித்தாக வேண்டும் என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். பயத்தைப் புரிந்துகொள்வது, அதன் வேர் எங்கே இருக்கிறது, யார் அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று கண்டுபிடித்து வெட்டுவதற்காக.

புரட்சியாளர் அம்பேத்கர் சாதியைப் படிநிலைச் சமத்துவமின்மை என்றார். ஒவ்வொருவருக்கும் மேலே ஒருவர், கீழே ஒருவர். மேலே இருப்பவரிடம் படும் அவமானத்தைக் கீழே இருப்பவர் மேல் இறக்கிவைக்கிற ஏற்பாடு. என் அப்பா உட்கார முடியாத அந்தக் கூடத்தின் அவமானம்தான் அக்காவின் மேல் இறங்கியது. 1949 நவம்பர் 25இல் அரசியல் நிர்ணய சபையில் பேசியபோது, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் மூன்றையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாது என்று அவர் வலியுறுத்தினார். சட்டத்தால் சமத்துவத்தை எழுத முடியும். சகோதரத்துவத்தை மனிதர்கள்தான் உண்டாக்க வேண்டும். பின்னாளில் பௌத்தத்தின் வழியாக அவர் மைத்திரியைப் பேசினார், எல்லா உயிர்களிடமும் நட்பு. பேசியவர் யார்? 1927இல் மகாத் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தவர், அதே ஆண்டு மனுஸ்மிருதியைக் கொளுத்தியவர். போராட்டத்தை விட்டுவிட்டு அவர் அன்புக்கு வரவில்லை. இரண்டையும் ஒரே கையில் வைத்திருந்தார்.

இப்போது அந்த இரண்டாம் ஆண்டுத் தோழரின் கேள்விக்கு வருகிறேன்.

தோழர், அது உங்கள் வேலை இல்லை. உங்கள் அறைத் தோழனின் பயத்தைத் தோண்டி எடுக்கிற கடமை உங்களுக்குக் கிடையாது. உங்களுக்குப் பாதுகாப்பு வேண்டும், மரியாதை வேண்டும், அவன் எல்லை மீறினால் புகார் கொடுக்கிற உரிமை வேண்டும். இவை முதலில். ஆன் அட்வாட்டர் அந்த மேசைக்கு வந்தது அவருடைய தேர்வு. யாரும் அவரைப் பார்த்து 'நீ அன்பாக இரு' என்று கட்டளையிட முடியாது. உங்களுக்கும் அப்படி ஒரு நாள் தோன்றினால், பலத்தோடும் துணையோடும் போய்ப் பேசுங்கள். தோன்றாவிட்டால் அதில் குற்றவுணர்ச்சிக்கு இடமில்லை.

அது யாருடைய வேலை என்றால், என்னைப் போன்றவர்களுடையது. இந்த அறையில் இடைநிலைச் சாதிகளிலும் உயர்சாதி என்று சொல்லிக்கொள்கிற சாதிகளிலும் பிறந்த தோழர்கள் பாதிப் பேருக்கு மேல் இருப்பீர்கள். நாம் என்ன செய்கிறோம்? ட்விட்டரில் தலித் தோழர் போட்ட பதிவுக்கு லைக் போடுகிறோம். குடும்ப வாட்ஸப் குழுவில் பெரியப்பா போடுகிற சாதிப் பெருமைக்கு வாயை மூடிக்கொள்கிறோம். அந்தப் பயத்தின் மொழி நமக்குத்தான் தாய்மொழி. அந்த வீட்டுக்குள் போகிற சாவி நம்மிடம்தான் இருக்கிறது. நம்மை உள்ளே விடுவார்கள். அவரை விடமாட்டார்கள்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் அவருடைய தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்கள் கூடப் படித்த மாணவர்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் தடை செய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கயிறு அறுபட வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கயிற்றைப் பதினைந்து வயதுப் பையன் கையில் கட்டியவர் யார், எந்த மாமா, எந்தச் சித்தப்பா, எந்தச் சங்கம், அவனுக்கு எந்த வெறுமையை அது நிரப்பியது என்று அந்த வீட்டுக்குள் போய்க் கேட்க அரசாணையால் முடியாது. அங்கே அண்ணன்கள் போக வேண்டும், அக்காக்கள் போக வேண்டும்.

போகும்போது மூன்றை எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்று, 'யாருக்குப் பயப்படுகிறாய்' என்ற கேள்வி. இரண்டு, உங்கள் சொந்தப் பயம், அதையும் மறைக்காமல். மூன்று, விலை கொடுக்கத் தயாராகிற மனம். எல்லிஸ் கொடுத்தார். கைதட்டிய கூட்டத்தை இழந்தார். ஒரு சொந்தக்காரர்கூடப் பேசாமல் போகாத சாதி எதிர்ப்பு, அலமாரியில் இருக்கிற சாதி எதிர்ப்பு. நான் இருபது வயதில் வைத்திருந்தது அதுதான்.

அக்காவிடம் அந்தப் போனைப் பற்றி மன்னிப்புக் கேட்டேன். "போனைத் திருப்பிக் குடுத்தியாடா?" என்று கேட்டாள். எங்கே வைத்தேன் என்றே எனக்கு நினைவில்லை. பதினான்கு வருடம் ஆகிறது. அவள் மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை. வருகிற திருவிழாவுக்கு அவர்கள் மூன்று பேரையும் ஊருக்கு அழைத்துக்கொண்டு போகப்போகிறேன். அக்காவும் மாமாவும் யோசித்து, சம்மதம் சொன்ன பிறகுதான் இதைச் சொல்கிறேன். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். "பாக்கலாம்" என்றார். பங்காளிகள் யாரும் வராவிட்டால், அவருக்குத் தோள் கொடுக்க முதல் இரண்டு ஆள் நானும் மாமாவும் என்று சொல்லியிருக்கிறேன்.

ஜெய்பீம்.